புத்தகத்தில் வந்த மாப்பிள்ளை

பினாங்கில் ஒரு அபின் கடையில் அபினை உருட்டிக் குழாயில் வைத்துக் கொடுப்பது தியோங் வாட்டின் வேலை. வெள்ளைக்காரப் பயணி ஒருவர் படம் எடுக்க வந்த அன்று, அவன் புதுச்சட்டையும் சப்பாத்துமாக முன்னால் போய் நின்றான். "நீ குமாஸ்தா மாதிரி இருக்கிறாய்" என்று துரை அவனை ஒதுக்கிவிட்டு, காப்பி கொண்டுவந்த பக்கத்துக் கடை சுவீ கெங்கைக் குழாயும் கையுமாகப் பாயில் படுக்கவைத்துப் படம் எடுத்தார். ஒட்டிய கன்னம், இடுப்புவரை சடை. துரைக்கு வேண்டிய கீழைநாடு அவனிடம்தான் இருந்தது.

அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பான். தியோங் வாட் ஆசைப்பட்ட கெக் லியானையும் அந்தக் காப்பிக்காரனுக்கே பேசி முடித்தார்கள். அபின் வாடை அடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று அவள் தாய் கூ அம்மாள் இவனிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

துரையின் புத்தகம் கப்பலில் வந்து முதலாளியின் மேசைக்கு வந்தது. ஒரு பக்கம் முழுக்க சுவீ கெங். படத்துக்குக் கீழே இருந்ததை முதலாளி படித்துச் சொன்னார். தியோங் வாட்டுக்கு வயிறு எரிந்தது. உடனே யோசனையும் வந்தது. புத்தகத்தோடு கூ அம்மாள் வீட்டுக்கு நடந்தான்.

அவள் வாசலில் இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒங்க மாப்பிள்ளை லட்சணத்தப் பாருங்க. என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'அபினுக்கு அடிமையான கீழைநாட்டான். மனைவியை விற்றுப் புகைத்தவன். கண்ணில் ஆயிரம் ஆண்டுத் தூக்கம்.'"

"கட்டிக்கவே இல்ல, அதுக்குள்ள என்னை வித்துட்டாரா?" உள்ளேயிருந்து கெக் லியான் கேட்டாள்.

"சிரிக்காத. அச்சுல வந்திருக்கு. துரை பொய்யா எழுதுவாரு?"

கூ அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். பதினெட்டு வருஷம் புருஷனுக்குக் குழாய் தயார் செய்து கொடுத்து, கடைசியில் அவனையே அபினுக்குப் பறிகொடுத்தவள். படத்தை வெகுநேரம் பார்த்தாள். தியோங் வாட் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏன்டா, குழாயோட கிண்ணம் கூரையப் பாத்துக்கிட்டிருக்கு. வெளக்கு கால்மாட்டுல கெடக்கு. கிண்ணத்த வெளக்கு மேல கவுக்காம பொகை எங்கேருந்துடா வரும்? புல்லாங்குழலாட்டம் புடிச்சிருக்கான்! இவன் சென்மத்துல இதத் தொட்டதில்ல."

தியோங் வாட் எட்டிப் பார்த்தான். நாளுக்கு நாற்பது குழாய் தயார் செய்கிறவன். படத்திலிருந்த முகத்தையே பார்த்து வெந்தவன், கையைப் பார்க்கவில்லை.

"பக்கத்துலயே அபின் கடையாச்சே, பழகியிருப்பானோன்னு எனக்கு உள்ளூர உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. நீ வந்து தீத்து வெச்ச. புத்தகத்த விட்டுட்டுப் போ, கல்யாணத்துல எல்லாருக்கும் காட்டணும்."

"மொதலாளியோடது, அத்தை..."

"கேட்டா நான் புடுங்கிக்கிட்டேன்னு சொல்லு."

கெக் லியான் வெளியே வந்து, தாயின் தோள் வழியே படத்தைப் பார்த்தாள்.

"தூக்கமாம்! அம்மா, ஒதட்டப் பாரேன். சிரிப்ப அடக்கத் தெரியாம அடக்குறாரு."

விரலால் அந்த உதட்டைத் தொட்டாள். தியோங் வாட் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.