சின்னவன் சிரித்தது யாரைப் பார்த்து

சிரிக்கிறான், முன்பல் விழுந்த வாயோடு பூமாலைக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், தவமலர் கண்ணை மூடினால் இப்போதும் அதுதான், பெர்த்தா அம்மாவின் வீட்டு அலுமாரியில் அவள் கொண்டுபோய் வைத்த படம், ஊதுபத்திப் புகை, வாசலில் தடியோடு விறைத்து நிற்கிற கிழவி. நல்லது செய்யத்தான் போனாள் பாவி, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. டோர்ட்முண்ட் நகரில் கிழவியைக் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்திப் பராமரிக்க வந்தவள், வரவர மகள் மாதிரி ஆகிவிட்டாள், பெர்த்தா ரோமா-சின்டி இனத்தவள், ஜிப்சி என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்த சனம், அந்தச் சனத்தை ஹிட்லரின் ஆட்கள் வேரோடு அள்ளிக்கொண்டுபோய்க் கொன்றபோது ஒரு பண்ணைக்காரி இவளை வைக்கோலுக்குள் ஒளித்தாள், தம்பியை ஒளிக்க நேரமில்லாமல் போயிற்று, கிழவி சொன்னது அவ்வளவுதான், பேர் சொல்லமாட்டாள், சின்னவன் என்பாள், வீட்டில் அவன் படமும் இல்லை, ஐயோ செத்த பிள்ளைக்கு ஒரு விளக்குக்கூட இல்லையே என்று தவமலர் தனக்குள் புலம்புவாள், ஊரில் யுத்தகாலத்தில் ஆமி பிடித்துக்கொண்டுபோய்க் கொன்ற தம்பி கேதீசுக்கு அவள் ஒருநாளும் விளக்கு வைக்கத் தவறியதில்லை. நகர மண்டபத்தில் ஹிட்லர் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் நினைவுக் கண்காட்சியில் பார்த்தால், சுவரில் ஒரு சின்னப் பையனின் படம், அடியில் கிழவியின் அதே ஊர், அதே குடும்பப் பேர், முகத்தில் அவளுடைய அதே கன்னக்குழி, கெஞ்சிக் கூத்தாடிப் பிரதி வாங்கி, பிரேம் போட்டு, மாலையும் போட்டு வைத்தாள்.

கிழவி கத்தவில்லை. இதை எடுத்தது ஆர் தெரியுமோ பிள்ளை என்று மெல்லக் கேட்டாள், வெள்ளை உடுப்போடு ஒருத்தி வந்தாள், எங்கட பாஷையை எங்களைவிட வடிவாய்ப் பேசினாள், இனிப்புத் தந்தாள், தலையை அளந்தாள், கண்ணின் நிறம் பார்த்தாள், சிரி ராசா என்று சொல்லிப் படம் பிடித்தாள், அவள் அளந்து ஹிட்லரின் ஆட்களுக்கு எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் அவனைக் கொண்டுபோனார்கள், அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறான், செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், அவர்களுடையதை எரித்து நிம்மதியாய் விட்டுவிடுவோம், நீ அவளையுமல்லவா சேர்த்து என்ர வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டாய் என்றாள். கிழவி விரலால் படத்தில் அவன் வாயை ஒருக்கா மூடினாள், பிறகு பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் படத்தை வைத்துக் கொளுத்தினாள், கிழவியின் கையைத் தவமலர் பிடித்துக்கொண்டு நின்றாள், இருவருமே அழவில்லை.

வீட்டுக்கு வந்து வழமைபோல விளக்கடிக்குப் போகிறாள், சுவரில் கேதீஸ், அவனுடைய ஒரே படம், ஆமி ஊரைச் சுற்றிவளைத்துத் தேடியபோது வீட்டுச் சனத்தை முற்றத்தில் வரிசையாய் நிறுத்தி ஆமிக்காரன் எடுத்த குடும்பப் படம், அதிலிருந்து தம்பியை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது, வீட்டு இலக்கம் எழுதிய பலகையைப் பிடித்த கையை அவளேதான் வெட்டியெறிந்தாள், படமெடுக்கையில் ஆமிக்காரன் கொச்சைத் தமிழில் ஏதோ பகிடி விட்டான், இவன் பகிடிக்குச் சிரிக்கிற பிள்ளை, இத்தனை வருசமும் அக்காவைப் பார்த்துச் சிரிக்கிறான் என்றுதானே அவள் இருந்தாள், எரிக்க மனம் வரவில்லை, விளக்கேற்றக் கை வரவில்லை, நெருப்புக்குச்சி விரலைச் சுட்டது, இஞ்ச பாரடா கேதீஸ், என்னைப் பாரடா என்று கேட்டாள், அவன் சிரித்தபடி ஆமிக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தான்.