எட்டாம் மேசையின் கடைசிப் பெட்டிகள்

அந்த மருந்துக் கிடங்கில் எட்டாம் மேசை யாருக்கும் ஆகாது. குளிர் அறையின் இரும்புக் கதவை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் சில்லென்று அடிக்கும். புதிதாக வருகிறவர் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். சித்தப்பா வயதில் எல்லோருக்கும் மூத்தவர், வேலையில் எல்லோருக்கும் இளையவர். அதிலேயே போய் உட்கார்ந்தார்.

வேலை வாங்கிக் கொடுத்தவள் அவருடைய அண்ணன் மகள். கிடங்கின் மாடியில் புரோகிராம் எழுதுகிறவள். கீழே மேசைகளில் ஓடிய புரோகிராமும் அவள் சி மொழியில் எழுதியதுதான். பெட்டியைக் கட்டி ஸ்கேனரால் ஒரு தட்டு தட்டினால், அந்தப் பெட்டியின் எண் ஒரு செய்தியாக, சாக்கெட் என்கிற நெட்வொர்க் இணைப்பு வழியே, மாடிக்கு வந்து சேரும். சாக்கெட்டோடு நேரடியாக மல்லுக்கட்ட வேண்டாம் என்று, செய்தி அனுப்புவதற்கென்றே யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம், ஒரு மெசேஜிங் லைப்ரரியைப் போட்டிருந்தாள். செய்தியை அதன் கையில் கொடுத்துவிட்டால் போதும், வரிசையில் வைத்து, லைன் கிடைக்கும்போது அதுவே அனுப்பிக்கொள்ளும். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சித்தப்பா சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கணக்கு இடித்தது. அலமாரியிலிருந்து எட்டாம் மேசைக்குப் போன பெட்டிகளைவிட, கட்டி அனுப்பியதாகப் பதிவான பெட்டிகள் குறைவு. தினமும் இரண்டு, மூன்று. அந்த மேசைக்கு வருவதெல்லாம் விலை உயர்ந்த மருந்து. நல்ல விலைக்கு வெளியே போகும்.

விசாரணை என்று பேர். மேலாளருக்கு ஆபீசில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். மனிதர் உட்காரக்கூட இல்லை. சித்தப்பா எதிரில் நிற்க, அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உன் புரோகிராம்ல தப்பு இருக்குமா?"

"இருக்காது சார். செய்தி போகலேன்னா எர்ரர் வரும். இதுவரைக்கும் ஒண்ணுகூட வரல."

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பயந்து சொன்ன பொய் இல்லை அது. அவள் அதை நம்பினாள் என்பதுதான் கேவலம். சித்திக்கு முட்டிவலி, வைத்தியச் செலவு, பாவம் என்ன செய்வார் என்று அவருக்காக ஒரு காரணத்தையும் தானே கண்டுபிடித்து வைத்திருந்தாள். திருட்டுப் பட்டத்தோடு அவரை வெளியே அனுப்பினார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, அவ்வளவுதான் மரியாதை. அதோடு அவள் சித்தப்பா வீட்டுப் பக்கமே போவதை விட்டாள்.

எட்டாம் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் இரண்டு, மூன்று குறைந்தது.

"இவளுமா?" என்றார் அவசரம். அவருக்கு அது அலுப்பு.

அண்ணன் மகள் மாடியிலிருந்து இறங்கிப் போய் எட்டாம் மேசையில் உட்கார்ந்தாள். குளிர் அறை மூடியிருக்கும்போது இரும்புக் கதவு வைஃபையை மறைத்தது. லைன் போய்ப் போய் வந்தது. பெட்டிகளைத் தட்டினாள். எர்ரர் இல்லை. ஏன் வரும்? 'அனுப்பினேன்' என்று அந்த லைப்ரரி சொன்னால் 'வாங்கி வைத்துக்கொண்டேன்' என்றுதான் அர்த்தம். மாடிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அது சத்தியம் செய்யவே இல்லை. ஷிஃப்ட் முடிகிற மாதிரி புரோகிராமை மூடினாள். சட்டென்று மூடிக்கொண்டது. வரிசையில் காத்திருந்த கடைசி மூன்று பெட்டிகளின் செய்தியும் அதோடு ஒழிந்தது.

அப்படிச் சட்டென்று மூடச் சொன்ன வரியைப் புரோகிராமில் யார் போட்டது என்று தேட வேண்டியதில்லை. "மூடும்போது ஸ்க்ரீன் தொங்குது, ஆளுங்க வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று, சித்தப்பா சேர்ந்த சமயத்தில் அவசரம் கத்திய அன்று, அவளே போட்டது. மூடும்போது, மிச்சச் செய்திகள் போய்ச் சேரும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று லைப்ரரிக்குச் சொல்லும் வரி. பூஜ்யம் என்று சொல்லியிருந்தாள். பெட்டிகள் என்னவோ ஒழுங்காக லாரி ஏறிக் கடைகளுக்குப் போயிருந்தன. சரக்கு சரியாக வந்தது என்று எந்தக் கடைக்காரர் புகார் எழுதுவார்?

மேலாளரிடம் ஓடினாள். முழுக்கக் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டார்.

"காதும் காதும் வச்ச மாதிரி சரி பண்ணிடு."

"அப்போ சித்தப்பா, சார்?"

"அவரைத் திரும்பக் கூப்பிட்டா, நாம தப்புப் பண்ணோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். தப்பு பண்ணது யாருன்னும் கேப்பாங்க. உனக்கு அது வேணுமா?"

வேண்டாம். வரியைத் திருத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். வந்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குளிர் அறைக் கதவு, வரிசை, பூஜ்யம், எதையும் விடவில்லை. அழுகையும் கூடவே வந்தது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரும்மா."

சித்திக்கு சாக்கெட்டும் புரியவில்லை, லைப்ரரியும் புரியவில்லை. தன் புருஷன் திருடவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. "நான் அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! இரு, மொதல்ல என் தம்பிக்குச் சொல்றேன். அவன் பொண்டாட்டி பேசின பேச்சுக்கு..." என்று செல்போனை எடுத்தாள்.

"வேண்டாம் சித்தி," என்றாள் அவள். "வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்."

சித்தி போனைக் கையில் வைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "உங்களுக்காவது உண்மை தெரியணும்னுதான் சித்தப்பா ஓடி வந்தேன்."

சித்தப்பாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எடுக்கலன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா," என்றார்.