சிவப்பாக இருந்த கல்

"திருவிழாவுக்கு ஊரே வருது, லீஸ்பெத். அந்தச் செவ்வெள்ளிக் கல்ல வாசல் கண்ணாடிப் பெட்டியில வைங்க. நாலு விளக்கு போட்டா ஜொலிக்கும்" என்றார் எங்கள் மியூசிய டைரக்டர் ஹார்ட்விக்.

"ஜொலிக்கும். அப்புறம் கருத்துடும். வெளிச்சமே ஆகாதுங்க அதுக்கு."

"ஒரு வாரந்தானே?"

"ஒரு வாரம் தலைய வெட்டி வச்சிட்டு அப்புறம் ஒட்டிக்கலாமா?"

"இருட்டுல பூட்டி வைக்கவா மியூசியம்? ஜனங்க பார்க்க வேணாமா?"

"உள்ள வரட்டும். ஒவ்வொருத்தருக்கா இழுப்பறையத் திறந்து நானே காட்டறேன்."

"அமைச்சர் வரிசையில நிப்பாரா? நாளைக்குக் காலையில கல்லு பெட்டியில இருக்கணும். இல்லேன்னா உங்க காப்பாளர் நாற்காலியில வேற ஆள் இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வெள்ளிச் சுரங்கம் மூடி ஒரு தலைமுறை ஆகிறது. ரத்தச் சிவப்பில் இன்னொரு வெள்ளித் தாதுக் கல்லை இனி யார் வெட்டித் தருவார்? அவர் தலைகீழாக நின்றாலும் இழுப்பறைச் சாவியைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். வேலை போனால் போகட்டும்.

ஆனால் பெட்டியைக் காலியாக விடவில்லை. கருகிய ரொட்டி மாதிரி ஒரு கல்லை அதில் வைத்து, நாலு விளக்கையும் போட்டேன். கீழே பெரிய எழுத்தில் ஒரு அட்டை: "இதுவும் சிவப்பாக இருந்தது. டைரக்டர் ஹார்ட்விக் பதவிக்கு வந்த கோடையில் இதே பெட்டியில் வைத்தார். இதன் தங்கை உள்ளே இருட்டில் இருக்கிறாள். இப்போது அவளையும் கேட்கிறார்."

ஊர்வலம் முடிந்ததும் பழைய சுரங்கத் தொழிலாளர்கள் கறுப்புக் கோட்டும் இறகுத் தொப்பியுமாக, வழக்கம்போல நேரே எங்கள் மியூசியத்துக்கு வந்தார்கள். அமைச்சரை அழைத்துக்கொண்டு ஹார்ட்விக்கும் வந்தார். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் செத்தது.

"எடுங்க அத!" என்று பல்லைக் கடித்தார்.

"மாட்டேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வெடி வைக்கும் வேலை பார்த்த கிழவர் எக்பர்ட் அட்டையைச் சத்தமாகப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். சுரங்கத்திலிருந்து பிணம் மேலே வந்தால் அப்படித்தான் செய்வார்கள். பின்னால் நின்ற வரிசை முழுக்கத் தொப்பியைக் கழற்றியது. அமைச்சரும் தலையைத் தடவிக்கொண்டார், பாவம், அவரிடம் தொப்பி இல்லை.

எக்பர்ட் ஹார்ட்விக்கைப் பார்த்தார்.

"தங்கச்சியையும் கேட்டீங்களாமே, டைரக்டர் ஐயா? இப்பக் கேளுங்க. நாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்."