பதினேழாம் எண் மருந்து

கண்ணாடிக் குழாயில் வெதுவெதுப்பான உப்பு நீர். அதற்குள் நூலில் கட்டித் தொங்கவிட்ட தசைத் துண்டு, ஆண்களின் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலிருந்து எடுத்தது. ஆராய்ச்சிக்காரி பதினேழாம் எண் மருந்தில் இரண்டு சொட்டு விட்டாள். திரையில் சோம்பலாகப் படுத்திருந்த கோடு சடாரென்று எழுந்தது. தசை இறுகிக்கொண்டது, கோடு இறங்குவேனா என்று நின்றது.

பாட்டில்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். முடிவைக் குறித்த பிறகே பெயரைப் பார்ப்பது அங்கே வழக்கம். டெக்னீஷியன் அக்கா பட்டியலைப் புரட்டினாள்.

"மூக்கடைப்பு மருந்தும்மா. ஜலதோஷ மாத்திரையில போடுவாங்களே, அதேதான்."

அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். நேற்று இரவு ஒன்று, காலையில் ஒன்று. அப்பா தும்முகிறாரே என்று தன் கைப்பையிலிருந்து எடுத்து, தண்ணீரோடு நீட்டியவளே அவள்தான்.

தெரியாதா என்ன? வயதானவர்களுக்கு அதைக் கொடுத்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் என்று பாடமே எடுக்கிறாள். ஆனால் அந்தப் படிப்பையெல்லாம் வெள்ளைக் கோட்டோடு ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவளை என்னவென்று சொல்வது! இரவில் நாலைந்து தடவை கழிவறைக் கதவு கிறீச்சிடும். தண்ணீர் ஜாஸ்தி குடிக்கிறார் என்று திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மணி இரண்டு. போன் போட்டாள்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா வயித்து வலி."

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனீங்களா?"

எழுபத்திரண்டு வயது மனிதரிடம் மகள் கேட்கிற கேள்வியா? மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். போகிற வழியெல்லாம் சிவப்பு விளக்கு. வெளியேற வழியில்லாத நீர் மேலேறிச் சிறுநீரகத்தை அழுத்தும் என்று அவள் எழுதிய கட்டுரை வரிவரியாக ஓடியது. படிக்காதவளாக இருந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள், பாவி.

வீட்டில் குளியலறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அப்பா! கதவத் திறங்கப்பா!"

"நீ போம்மா. நான் வர்றேன்." குரலில் முனகல் கலந்திருந்தது.

"நான் உங்க பொண்ணுதான்ப்பா. எங்கிட்ட என்ன வெட்கம்?"

"அதுனாலதான்மா."

கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அழுகையைக் கேட்டுத்தான் திறந்தார். முகம் வெளுத்து, வேட்டி நனையாமல், அடிவயிறு பந்தாகப் புடைத்திருந்தது. கை வைக்கப் போனாள். அம்மா என்று அலறிவிட்டார். பெற்ற அப்பா அலறி அவள் கேட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் செருகினார்கள். பை நிரம்ப நிரம்ப அவர் முகம் மெல்லத் தளர்ந்தது. ஒரு லிட்டருக்கு மேல்.

"ரத்தத்துல உப்பு ஏறியிருக்கு. கிட்னி எவ்வளவு தாங்கியிருக்குன்னு நாளைக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டர். பிறகு ஒரு தாளை நீட்டினார். "அதுக்குள்ள இத மட்டும் கேட்டு நிரப்பிடுங்க."

சிறுநீர் கழிப்பது பற்றி ஏழு கேள்விகள். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அவளுடைய ஆய்வுத் துறை அச்சடித்துக் கொடுத்த தாள்தான். நானூறு ஆண்களை எதிரில் உட்காரவைத்து, கூச்சப்படாம சொல்லுங்க என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டவை.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"மூணு வருஷம் இருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கூரையைப் பார்த்தார். "நாள் முழுக்க ஆம்பளைங்க கிட்ட இதையே கேட்டுட்டு அலுத்துப்போய் வர்ற. வீட்லயும் நான் வேற எதுக்கும்மா?"

அவள் பேனாவைத் திறந்தாள். முதல் கேள்வி மனப்பாடம். நானூறு தடவை கேட்டதுதான், வாய் வரவில்லை. அப்பாவே கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

"கண்ணாடிய எடும்மா. நானே படிச்சுச் சொல்றேன், நீ எழுதிக்கோ."