ஹல்தி எரித்த ஊர்

அலிஷ்டு என்ற ஊரின் பெயரில் கபுர்டா முதல் ஆப்புக் கீற்றைக் கல்லில் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான், அந்த ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று தளபதி லுஷுனி வந்து சொன்னார்.

குதிரைக்கு ஓடையில் தண்ணீர் காட்டிவிட்டு, சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். செங்காவிக் கிண்ணமும் தூரிகையுமாக நான் கல்லுக்கு முன்னால் முட்டி போட்டிருந்தேன். நான் காவியால் எழுதிக்கொண்டே போவேன். கபுர்டா பின்னாலேயே உளியால் வெட்டிக்கொண்டு வருவான்; எங்கள் எழுத்துக்கு வடிவமே ஆப்புதான். ஆளுயரக் கருங்கல். அதில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

"என்னய்யா எழுத்தரே, எது வரைக்கும் வந்துருக்கு?"

"போன கோடை வடக்குப் போர், பிரபு. எரிச்ச ஊரு பேரெல்லாம் போயிட்டிருக்கு."

"இப்ப வெட்டுறது?"

"அலிஷ்டு."

தளபதி கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "மலை மேல, ரெட்டைப் பாறைக்குக் கீழ இருக்குமே, அதுவா? நாலு நாள் முன்னாடி கணவாயிலிருந்து பார்த்தேனே. அடுப்புப் புகை வந்துட்டிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது நாப்பது அடுப்பு."

நான் தூரிகையைக் கிண்ணத்தில் தேவைக்கு அதிகமாகவே முக்கினேன்.

"நாளைக்குக் காலைல அரசர் கல்லுக்குப் பலி குடுக்க வருவாருல்ல, அப்ப சொல்லிடுறேன். நூறு பேரைக் குடுத்தார்னா அரை நாள் வேலை. எரிச்சுட்டு வந்துடலாம்." குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். வேலையைச் சுத்தமாகச் செய்ய நினைப்பவர். அந்த மாதிரி ஆட்களிடம்தான் எனக்குப் பயம்.

கபுர்டா உளியைக் கீழே வைத்தான். "யோவ் இனுஷி. அந்த ஊரை எரிச்சதாச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"எரிச்சியா?"

போன கோடையில் என்னையும் ஐம்பது வீரர்களையும் அலிஷ்டுவை எரித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். எரிப்பது அவர்கள் வேலை. எரிந்ததை எழுதி வருவது என் வேலை. போகிற வழியில் ஒரு சர்க்கரைப் பாதாமித் தோப்பு. மஞ்சளாகப் பழுக்க இன்னும் இருபது நாளாவது இருக்கும். எங்கள் பியைனிலி நாட்டு வீரர்கள், போர்த்தெய்வம் ஹல்தியின் ஈட்டிக்குப் பின்னால் நடப்பவர்கள், மரம் மரமாக ஏறிப் பச்சைக்காயைத் தின்றார்கள். வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டிய வயது எனக்கு. எல்லோரையும்விட அதிகமாகத் தின்றவன் நான்தான்.

ஊர் எல்லைக்குப் போனபோது நிற்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. ஈட்டியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு புதரைத் தேடி ஓடினோம். முற்றுகை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். ஊரைச் சுற்றிலும் நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம். ஊர்க்காரர்கள் மதில்மேல் நின்று வெகுநேரம் பார்த்தார்கள். கல்லை எறிந்திருந்தால் கோழிக்குஞ்சு மாதிரிச் செத்திருப்போம். சாயங்காலம் கதவு திறந்தது. எரதா என்று ஒரு பெண், அந்த ஊரில் அவள் சொல்தான் சொல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் புதருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எங்க ஊரை எரிக்க வந்தீங்களா, இல்ல உரம் போட வந்தீங்களா?"

வாழ்நாள் முழுக்க அரசர்களுக்கு வாசகம் எழுதியவன் நான். கொஞ்சம் கஞ்சி கிடைக்குமா என்று கேட்டேன்.

மூன்று நாள் வாற்கோதுமைக் கஞ்சியும் புளித்த தயிரும் ஊற்றினார்கள். நான்காம் நாள் ஐம்பது பேரும் எழுந்து நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தீக்கட்டையைக் கையில் வைத்திருந்தவன், அது ஏதோ அடுத்தவனுடையது என்பது போல் பிடித்திருந்தான். எங்கள் சங்கடத்தை எரதாவே தீர்த்துவைத்தாள். "கீழ உங்க படை பாத்துட்டிருக்கும்ல? அந்த நாலு வைக்கோல் போரையும் கொளுத்திக்கோங்க. மழைல நனைஞ்சது, மாடு தொடாது. நல்லாப் புகையும்."

நன்றாகவே புகைந்தது. நான் என் மெழுகுப் பலகையில் எழுதினேன்: அலிஷ்டு, எரிந்தது. ஐம்பது பேரில் ஒருவனும் வெளியே மூச்சுவிடவில்லை. விட்டால் எவன் பெண் கொடுப்பான்?

முழுக்கதையையும் கேட்டுவிட்டு கபுர்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். "இப்ப ஒரு ஆப்புதான் வெட்டியிருக்கேன். எரிஞ்ச ஊரு எத்தனையோ இருக்கு, இதையே வேற பேரா மாத்திடுறேன். பலகையையும் அழிச்சுடு. அப்புறம் லுஷுனி என்ன சொன்னாலும் உன் தலை உன் கழுத்துல இருக்கும்."

சரியான யோசனை. என் கழுத்தின்மேல் எனக்குப் பிரியம் உண்டு. இரண்டு மடிப்பு விழுந்திருந்தாலும் நெடுநாள் கூட இருந்தது. பெயர் கல்லில் இல்லையென்றால் நான் தப்பித்தேன். அலிஷ்டு எரியாத ஊராகிவிடும். எரியாத ஊர் என்றால் எரிக்க வேண்டிய ஊர். நூறு பேர், அரை நாள். இந்தத் தடவை பாதாமி பழுத்திருக்கும்.

"வெட்டு," என்றேன்.

"என்னது?"

"அலிஷ்டுன்னே வெட்டு. ஆழமா. இருட்டுறதுக்குள்ள சாபத்தையும் முடிச்சாகணும்."

கல்லில் பேசுவது நானில்லை, அரசர். நான் போனேன், நான் எரித்தேன், ஹல்தி முன்னால் நடந்தார் என்று எல்லாம் அவர் வாயால்தான் இருக்கும். அவர் அந்தக் கோடை முழுக்கத் தலைநகர் துஷ்பாவில் முழங்கால் வலியோடு படுத்திருந்தாலும் அப்படித்தான். கடைசியில் சாபம் வரும். அது வெட்டப்பட்ட பிறகு அந்தக் கல்லில் யாரும் உளி வைக்க முடியாது, அரசரே நினைத்தாலும். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காவிக் கோடு கோணல்மாணலாகப் போனது. "எழுத்தா இது, புழுவா?" என்று கபுர்டா திட்டிக்கொண்டே வெட்டினான். திட்டினானே தவிர, கை நிற்கவில்லை. சாப வரியில் வழக்கமாக இல்லாத நாலு சொல்லை நான் எழுதியபோது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அதையும் வெட்டினான். சூரியன் ஏரியில் இறங்கியபோது அவன் உள்ளங்கையில் ரத்தம் கசிந்திருந்தது.

காலையில் அரசர் வந்தார். காளையையும் செம்மறியையும் அறுத்தார்கள். ரத்தத்தைக் கல்லின் அடியில் ஊற்றினார்கள். லுஷுனி முன்வரிசையில், எண்ணெய் தடவிய தாடியோடு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அரசருக்கு வாசிக்கத் தெரியாது. வாசி என்று எனக்குக் கையைக் காட்டினார்.

வாசித்தேன். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. அலிஷ்டுவை வேகமாகத் தாண்டினேன். நேராகச் சாபத்துக்கு வந்தேன்.

"இந்தக் கல்லை உடைப்பவனை, இதை மண்ணில் மறைப்பவனை, இதைத் தானே செய்ததாகச் சொல்பவனை, இதில் உள்ளது பொய் என்பவனை, ஹல்தியும் தெய்ஷெபாவும் சிவினியும் சூரியனுக்குக் கீழே இல்லாமல் ஆக்கட்டும். அவனையும், அவன் விதையையும்."

காற்றில் ரத்தவாடை. லுஷுனிக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அரசர் திரும்பினார். "லுஷுனி, வடக்குப் பக்கம் என்னமோ பாத்தேன்னு நேத்து ராத்திரி சொல்லி அனுப்பியிருந்தியே. என்ன அது?"

லுஷுனி கல்லைப் பார்த்தார். அதன் அடியில் இன்னும் உலராத ரத்தத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத என்னிடம் ஆப்பு போதாது.

"பனி, அரசே," என்றார். "கணவாய்ல இந்த வருஷம் பனி ஜாஸ்தி."

"புகைன்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

"தூரத்துலருந்து பாக்குறப்ப ரெண்டும் ஒரே மாதிரிதான் அரசே இருக்கு."

அரசர் தலையாட்டினார். எல்லாம் முடிந்து போகும்போது என் பக்கத்தில் வந்ததும் நடை மெதுவானது. முழங்காலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அந்தப் பக்கத்துச் சர்க்கரைப் பாதாமி ரொம்ப நல்லா இருக்குமாமே?"

"பழுத்த பிறகு தின்னா நல்லா இருக்கும், அரசே."

"என் குதிரைக்காரனும் அதான் சொன்னான்," என்றார். சிரிக்கவில்லை. போய்விட்டார். போன கோடையில் அடுத்த புதரில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் கல்லோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கபுர்டா துணி சுற்றிய கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பலியாட்டில் எனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தான். "தின்னு. வெந்துருக்கான்னு பாத்துட்டுத் தின்னு," என்றான். நெடுநேரம் சிரித்தோம். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். இரண்டு மடிப்பும் இருந்தன.

அந்த வருஷக் கோடையிலும் படை வடக்கே போனது. நானும் போனேன், பலகையோடு. ஒரு காலை, கீழ்ப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது லுஷுனி தன் குதிரையை என் கோவேறு கழுதைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அன்றைக்கு அப்புறம் அவர் என்னோடு பேசியதே இல்லை. மேலே, இரட்டைப் பாறைக்குக் கீழே, வெள்ளையாக முப்பது நாற்பது இழைகள் மெல்ல எழுந்து, ஒன்றோடொன்று கலந்து, மலைச்சரிவோடு இறங்கி வந்துகொண்டிருந்தன. அவர் அதையே பார்த்தார். நானும் பார்த்தேன். பின்னால் நூறு பேர் நின்று பார்த்தார்கள்.

"பனி," என்றார் லுஷுனி.

"ஆமாங்க பிரபு. நல்ல பனி."

அவர் குதிரையைத் தட்டிவிட்டார். படை நகர்ந்தது. காற்று திரும்பியபோது, அந்தப் பனியிலிருந்து சுட்ட ரொட்டி வாசனை வந்தது. வரிசையில் யாருடைய வயிறோ சத்தமாக உறுமியது.