பன்னிரண்டு மணிக்குப் பழைய பாட்டு

பதினோரு வருடமாக அந்த வானொலியில் செய்தி வாசிப்பவள் அவள்தான். பழங்குடி மக்கள் தங்கள் சொந்த மொழியில் நடத்தும் நிலையம் அது. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை, எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டை. அவள் வாசித்தால் ஓர் எழுத்துப் பிசகாது.

அந்த வருடம் வாக்காளர் பட்டியலில் அந்த மக்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பெயர்களைக் கணினியில் ஏற்றியவர்கள் கைக்கு வந்தபடி தட்டச்சு செய்திருந்தார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெயர் திருத்தும் முகாம் நடந்தது. அவள் அறிவிப்பை ஒன்பது நாள், மூன்று வேளையும் வாசித்தாள். வந்தவர்கள் நான்கு பேர்.

பத்தாம் நாள் அவளுடைய நாத்தனார் வீட்டுச் சாவி வாங்க மாடியேறி வந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள், வாய் ஓயாதவள். நிலையப் பொறுப்பாளர் விளையாட்டாக நாத்தனாரை மைக் முன்னால் உட்காரவைத்தார். அவள் தங்கள் இனத்தின் ஆதிக்கதையை எடுத்தாள். மலை தன் பிள்ளைகளின் பெயரை மறந்துபோக, ஒவ்வொருவரும் நடந்துபோய் அதன் காதில் தன் பெயரைச் சொன்ன கதை.

"இப்ப அந்த மலை ஒரு மேசை போட்டு உக்காந்திருக்கு. கீழ்த்தளம், மூணாவது கதவு" என்று நடுவில் சேர்த்தாள்.

மறுநாள் வரிசை தெருவரை நின்றது.

"கதை சொன்னது நீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பலர் மாடியேறினார்கள். "இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் செய்தி வாசிப்பவளுக்கு வாய் கசந்தது. வீட்டில் கணவன், "தங்கச்சி அசத்திட்டா. நீ வாசிக்கிறதும் நல்லாத்தான் இருக்கு" என்றான். அந்த 'வாசிக்கிறதும்' அவளைத் தூங்கவிடவில்லை.

இரண்டாவது கதையை நாத்தனார் புதன்கிழமை பதிவுசெய்தாள். வெள்ளி மாலையோடு முகாம் முடிகிறது, பெயர் விடுபட்ட கல்குவாரித் தொழிலாளர்கள் உடனே வர வேண்டும் என்ற செய்தி அதில் இருந்தது. வியாழன் பன்னிரண்டு மணிக்கு, அது ஒலிபரப்பாக வேண்டிய நேரத்தில், நிலையத்தில் செய்தி வாசிப்பவள் தனியாக இருந்தாள். பதிவை அழித்தாள். பழைய பாட்டு ஒன்றைப் போட்டாள். பொறுப்பாளரிடம், "ஃபைல் ஓடல" என்றாள்.

வெள்ளி காலை முகாம் எழுத்தர் அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார். "குவாரி ஆளுங்க ஒருத்தர்கூட வரலியே மேடம். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

தானே மைக்கில் சொல்லிவிடலாம். சொன்னால் வரமாட்டார்கள். அது அவளுக்கே தெரிந்திருந்ததுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

சலவைக்கடைக்கு ஓடினாள்.

"நேத்து உன் கதையை நான்தான் போடல. அழிச்சிட்டேன்."

நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏன் அண்ணி?"

"பொறுக்கல."

"என்மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாமே. அந்த ஜனங்க என்ன பண்ணாங்க?"

நாத்தனார் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அண்ணியைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பத்தரைக்கு நேரலையில் கதையை மறுபடி சொன்னாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஹெட்போனோடு உட்கார்ந்து ஒலியைச் சரிசெய்தவள் அண்ணிதான். அந்த நேரத்திலும், 'சரியான இடத்தில் எப்படி நிறுத்துகிறாள் பார்' என்று மனம் பொருமியது.

மாலைக்குள் அறுபது பேர் வந்து பெயர் எழுதிப்போனார்கள். குவாரியின் கடைக்கோடியில் வேலை செய்த பதினான்கு பேர் வந்தபோது கதவு பூட்டியிருந்தது.

அவள் பொறுப்பாளரிடம் உண்மையைச் சொன்னாள். மதிய ஒலிபரப்பு அவளிடமிருந்து போயிற்று. பதினான்கு வீடுகளுக்கும் நேரில் போனாள். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. கடைசி வீட்டில் கல்லுடைக்கும் பெரியவர், அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"ஓட்டுதான் போச்சு. வியாழக்கிழமை வராத கதையையாவது சொல்லிட்டுப் போ" என்றார்.

நாத்தனாருக்கு இருபது நிமிடம் பிடிக்கும் கதையை அவள் நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் பெரியவர்.