மெரனின் மூன்றில் ஒரு பங்கு

அரசு ஆபீஸிலிருந்து வந்த லீஸ்க் என்ற இளம் கிளார்க் படகிலிருந்து பாறைக்குத் தாவும்போது இடுப்புவரை நனைந்துவிட்டான். ஸ்கார்வே தீவுக்கு யார் வந்தாலும் இதே கதிதான், படகு கட்டத் துறை கிடையாது. துறை இல்லாததற்குக் காரணம், கரையில் கைநீட்டி நின்ற ஆர்ச்சியேதான்.

ஆர்ச்சிக்கு அறுபத்து மூன்று வயது. கார்த் பண்ணை அவனுடையது. அந்த நிலத்துக்கு மேலே ராஜாவும் இல்லை, ஜமீனும் இல்லை. அவன் வம்சத்தில் ஒருவரும் நிலவரி என்று ஒரு காசு கட்டியதில்லை. ஸ்கார்வேயும் சேர்ந்த இந்த ஆர்க்னித் தீவுகளை நார்வேக்காரர்கள் ஆண்ட காலத்து உரிமை அது. பத்திரமும் இல்லை. அக்கம்பக்கத்தார், "ஆமாம், இது கார்த்காரன் மண்" என்று சொன்னால் போதும், அதுதான் பட்டா. கடல் உள்வாங்கும்போது கடைசியாகத் தெரியும் கல்வரை அவனுக்குச் சொந்தம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அதிகாரிகள் துறை கட்டித்தர வந்தார்கள். தோதான இடம் இவன் கரை ஒன்றுதான். கையெழுத்துக் கேட்டு நீட்டிய காகிதத்தில், "அரசின் அனுமதியோடு அனுபவித்துவரும் கரை" என்று ஒரு வரி இருந்தது. வந்ததே கோபம் ஆர்ச்சிக்கு! "எவன் குடுத்த அனுமதிடா?" என்று காகிதத்தை விசிறி எறிந்தான். இப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுத்தான் பக்கத்துத் தீவுகளில் பாதிப்பேர் சொந்த மண்ணிலேயே குத்தகைக்காரர் ஆனார்கள். அவன் பயத்தில் நியாயம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தீவின் மற்ற ஆறு குடும்பத்தாரும் அந்தத் துறைக்காகக் காத்துக் கிடந்தார்களே, அதை யோசித்தானா மனுஷன்? மாட்டை விற்க வேண்டுமானால் கயிறு கட்டிக் கடலில் நீந்தவிட வேண்டும். டாக்டர் வருவதும் வராததும் அலையின் இஷ்டம். ஒவ்வொரு நவம்பரிலும், குத்தகை முடிந்து வீடு மாறும் வழக்கமான நாளன்று, இரண்டு குடும்பம் சட்டிபானையோடு படகேறின. மூன்றாம் நவம்பரில் அவன் பெண்டாட்டி மெரனும் ஏறினாள்.

"துறை கட்டட்டும், வர்றேன். அதுவரைக்கும் உன் மண்ணை நீயே கட்டிக்கிட்டு அழு," என்றாள்.

தீவில் அவன் ஒருவன்தான் மிச்சம். பக்கத்துப் பண்ணை ஜிம்மக்கோடு எல்லைக்கல்லுக்காகப் பத்து வருஷம் மல்லுக்கட்டியவன் அவன். இப்போது ஆர்ச்சியின் ஆடு ஜிம்மக் தோட்டத்தில் புகுந்தால் கேட்க நாதியில்லை. ஒருநாள் ஜிம்மக் வீட்டுப் பூட்டிய வாசலில் நின்று, "அடேய் ஜிம்மக், என் ஆடு உன் கோஸைத் தின்னுதுடா, வந்து பாருடா!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பிறகு தனக்கே வெட்கமாகிவிட, ஆட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அந்த ஒரு வரியை எடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று அதிகாரிகளுக்கு மூன்று வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தான். துறை வந்தால் மெரன் வருவாள். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுப்படியில் லீஸ்க் நடுங்கிக்கொண்டே வாற்கோதுமை ரொட்டியைக் கடித்தான்.

"ஜெயிச்சுட்டீங்க ஐயா! அந்த வரியை எடுத்துட்டாங்க. இது நிலவரி கட்ட வேண்டாத சுத்த சொந்த நிலம், மேலே யாருக்கும் பாத்தியதை இல்லன்னே எழுதியாச்சு."

"அப்படிச் சொல்லு! நான் என்ன ஊர் சொத்தையா கேட்டேன்?" ஆர்ச்சி தொடையில் தட்டிச் சிரித்தான். மெரனுக்கு இன்றைக்கே சொல்லியனுப்ப வேண்டும் என்று மனசு துள்ளியது.

"ஒரு சிக்கல் இருந்துச்சு. பத்திரம் இல்லாததால அக்கம்பக்கத்தார் சாட்சி வேணும். இங்க அக்கமும் இல்ல, பக்கமும் இல்ல. அதான் கிர்க்வால் டவுன்ல உங்க வீட்டம்மாவைப் போய்ப் பாத்தேன்."

ஆர்ச்சியின் சிரிப்பு நின்றது. "என்ன சொன்னா?"

"நிலம் உங்களதுதான்னு பளிச்சுனு சொன்னாங்க. பழைய சட்டப்படி புருஷன் நிலத்துல பெண்டாட்டிக்கு மூணுல ஒரு பங்கு உண்டே, நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கன்னேன். வேணாம்னுட்டாங்க. அந்தப் பங்கையும் உங்களுக்கே விட்டுக் குடுத்துட்டாங்க. இதோ, எழுதியிருக்கு."

"துறை வரப்போகுதுன்னு சொன்னியா?"

"சொன்னேனே. சந்தோஷம்னாங்க." லீஸ்க் ரொட்டியைக் கீழே வைத்தான். "துணிக்கடையில வேலை கிடைச்சிருக்காம். மாடியிலேயே ரூமாம். அங்கேயே இருந்துக்குறாங்களாம்."

ஆர்ச்சி காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தான். கீழே மெரனின் கையெழுத்து. அழுத்தந்திருத்தமாகப் போட்டிருந்தாள்.

"போடுங்க ஐயா," என்றான் லீஸ்க். "இனிமே உங்க நிலத்துல இன்னொருத்தருக்கு ஒரு புல்லுகூடச் சொந்தமில்ல."

"இதுல போட்டா அவ பங்கு போயிடுமே."

"அவங்களே வேணாங்கறாங்க."

"அவ சொல்லுவா. அவ சொல்லிட்டா ஆச்சா? நான் வாங்கிக்கணும்ல?" காகிதத்தை மடித்து அவன் கையில் திணித்தான். "மாட்டேன்."

"ஐயா, இது இல்லாம துறை வராது. துறை இல்லாம இங்க யாரு வருவா?"

அது ஆர்ச்சிக்குத் தெரியாதா என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டு பையனைப் படகுவரை கைப்பிடித்துக் கூட்டிப்போனான். படகு பாறையை விட்டு விலகியதும் கரையிலிருந்து கத்தினான்.

"மெரன்கிட்ட சொல்லு! அவ பங்கு அப்படியே கெடக்கு! வேலியெல்லாம் பிஞ்சு போச்சு, அதை நான் கட்டமாட்டேன், அவளையே வந்து கட்டச் சொல்லு!"

எஞ்சின் சத்தத்தில் லீஸ்க் காதில் எது விழுந்ததோ தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கையை மட்டும் ஆட்டினான்.